வகுப்பின் கெட்டிக்காரன்

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினைக் காலையில் எழுப்புவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் ஒரு மூடி பெற்றோல் விட்டு அதைச் சூடேற்ற வேண்டும். சூடேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டு மண்ணெண்ணெயைத் திறந்தால் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்தக் காத்திருப்பைத்தான்.

என் பெயர் முத்துலிங்கம். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்த பள்ளிக்கூடம் ஒன்றில் மோட்டார் வேலை படிப்பித்தேன். பட்டறை என்றால் நான்கு மரக்கம்பங்களும் மேலே தகரமும்தான். நீங்கள் கேட்பது ஆமி ட்ரக் பற்றியும் கிருபன் பற்றியும். என் வகுப்பில் படித்த சுரேகா உங்களிடம் சொன்னதில் பொய் இருக்காது. அவள் கவனமான பிள்ளை. ஆனால் அவள் கண்டது ஒரு துண்டுதான். மற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ட்ரக்கை ஆமிக்காரர் தொண்ணூறாம் ஆண்டு கைவிட்டுப் போனார்கள். கனகராயன்குளத்துக்கு மேற்கே காட்டுக்குள் கிடந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அடித்தட்டில் இருந்த ஓட்டையால் ஒரு மரக்கன்று வளர்ந்து, சாரதி இருக்கைக்கு மேலே இலை விரித்திருந்தது. கன்றை வெட்டி, வண்டியை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தோம். பள்ளிக்கூட அதிபரின் எண்ணம் நல்ல எண்ணம். அந்த வருடம் மலேரியா கடுமையாக இருந்தது. காய்ச்சல்காரர்களையும் பிள்ளை பெற இருந்த பெண்களையும் சைக்கிள் கரியரில் வைத்து மல்லாவி ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். ஒரு ட்ரக் ஓடினால் ஊருக்கு உதவும் என்றார் அவர். பெடியளும் பெட்டையளும் துருவைச் சுரண்டத் தொடங்கினார்கள்.

அப்போது வகுப்பில் கெட்டிக்காரன் என் மகன் அஜந்தன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எஞ்சினில் காதை வைத்தால் எந்த இடம் நோகிறது என்று சொல்லிவிடுவான். கிருபன் அவனுக்கு அடுத்த இடத்திலும் இல்லை. நடுவில் இருந்தான். வீரபாகுவின் மூத்த பையன் அவன். வீரபாகு எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி, எங்கள் ஊர் எல்லையில் கச்சான் கடலை பயிர் செய்கிற மனிதர். அமைதியானவர்.

எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்திருந்த நாட்களில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். இயக்கத்துக்காரர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அதிபர் அன்று பள்ளிக்கூடத்தில் இல்லை. மாணவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"சேர், இது ஓடத் தொடங்கினால் எங்களுக்கு வேணும்," என்றார் ஒருவர். "அதோட இதைத் தெரிஞ்ச ஒரு பெடியனும் வேணும். வழியிலை நிண்டால் திருத்தத் தெரிஞ்சவன். உங்களிட்டை ஆர் கெட்டிக்காரன்?"

"இப்ப சொல்லேலாது," என்றேன். "வேலை முடியட்டும். முடிஞ்சாப் பிறகு வந்து பாருங்கோ."

அதுவும் பொய் இல்லை. வேலை முடியும்போதுதான் யார் கெட்டிக்காரன் என்று தெரியும்.

நான் இதை யாருக்கும் சொல்லவில்லை. அதிபருக்குச் சொல்லவில்லை, என் மனைவி ஞானேஸ்வரிக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளைகள் பயந்திருப்பார்கள், வேலை குழம்பியிருக்கும். வேலையை இழுத்தடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்தால் பட்டறையையே வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் எல்லாப் பக்கமும் யோசித்தேன். எனக்கு ஒரு பிள்ளை. வீரபாகுவுக்கு நான்கு. என் குடும்பத்தில் அதுவரை யாரையும் இழந்ததில்லை. அவர்களோ ஒவ்வொரு கலவரத்திலும் எதையாவது விட்டுவிட்டு வந்தவர்கள். இழப்பைத் தாங்கிப் பழகியவர்களால் இன்னொன்றையும் தாங்க முடியும் என்று எனக்குப் பட்டது. இதில் வெறுப்பு எதுவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து கிருபனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் யாருக்கும் அப்படிப் படிப்பித்ததில்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு வீட்டுக்குக் கூட்டி வருவேன். ஞானேஸ்வரி அவனுக்குப் புட்டும் சொதியும் கொடுப்பாள். குசினி வாசலில் இருந்தபடியே கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டப் பழக்கினேன். அவன் கிரகிப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் ஒருமுறை பிடித்தால் விடமாட்டான். புகழ்ந்தால் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொள்வான். அவனைப் புகழ்ந்தவர்கள் அதற்கு முன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு அவனை உண்மையாகவே பிடித்துப்போயிற்று. அது நடிப்பு என்று சுரேகா நினைக்கலாம். நடிப்பு இல்லை.

ஆனால் ஒருவனை உயர்த்துவது மட்டும் போதாது. அஜந்தன் முதல் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

எஞ்சினைப் பூட்டி முதன்முதலாக ஸ்டார்ட் பண்ணுகிற நாள் வந்தது. பூட்டியவன் அஜந்தன். எல்லோரும் வெளியே கை கழுவப் போன நேரம் பார்த்து, பிளக்குகளுக்குப் போகிற வயர்களில் இரண்டை நான் இடம் மாற்றி மாட்டினேன். இதைத்தான் சுரேகா கண்டாள். மறந்துவிட்ட கொப்பியை எடுக்க வந்தவள் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்கு அப்போது தெரியாது.

வயர் மாறினால் எஞ்சின் வெடி வைத்ததுபோல் ஓசை எழுப்பும், ஓடாது. அன்றும் அப்படித்தான் வெடித்தது. பக்கத்து வளவில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினாள். மாணவர்கள் சிரித்தார்கள். அஜந்தன் எஞ்சினுக்கு மேல் குனிந்து தேடினான். பதற்றத்தில் அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"விடு," என்றேன். "உன்ரை கை இதுக்கு உதவாது. கிருபன், நீ வந்து பார்."

வயர் ஒழுங்கை முதலில் பார்க்க வேண்டும் என்று அதற்கு முதல் நாள்தான் கிருபனுக்குப் பழக்கியிருந்தேன். அவன் வந்தான், விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனான், இரண்டை மாற்றினான். எஞ்சின் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அஜந்தனும் தட்டினான். பிறகு பட்டறைக்குப் பின்னால் போய் நின்றான். நான் பார்க்காததுபோல் இருந்தேன். அதற்குப் பிறகும் சில தடவை அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் அவனாகவே ஸ்பானர்களைத் தொடுவதை விட்டுவிட்டான். துருச் சுரண்டினான், பெயின்ற் அடித்தான்.

ஆமி ஓமந்தையிலிருந்து மேலே நகர்ந்துகொண்டிருந்தது. ஷெல் சத்தம் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கிட்ட வந்தது. ஒரு நாள் வீரபாகு ஒரு பை அவித்த கச்சானோடு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், நின்றுகொண்டே கதைத்தார்.

"சார், வவுனியாவுல என் தங்கச்சி இருக்கு. காட்டுப் பாதையால ஆளுக போறாங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நாங்களும் போயிறலாம்னு பாக்குறேன். கிருபன் ஒங்களக் கேக்காம வரமாட்டேங்கிறான்."

அந்த இடத்தில் நான் "போங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்று நீங்கள் இங்கே வந்திருக்கமாட்டீர்கள்.

"இந்தப் படிப்பை நடுவிலை குழப்பாதேங்கோ வீரபாகு," என்றேன். "உங்கட பெடியன் பெரிய ஆளா வருவான். ட்ரக் முடியட்டும். பிறகு நானே வழி பாத்து அனுப்பிவிடுறன்."

அவர் கண் கலங்கிவிட்டது. "ஒங்க புண்ணியம் சார்," என்று கும்பிட்டார். கச்சான் நன்றாக இருந்தது. ஞானேஸ்வரி பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள்.

ட்ரக்குக்குப் பச்சை பெயின்ற் அடித்து முடித்து, கிருபன் அதைப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டிய கிழமையே அந்த இரண்டு பேரும் வந்தார்கள். மாணவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"ஆர் இஞ்சை கெட்டிக்காரன்?" என்று கேட்டார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் திரும்பிக் கிருபனைப் பார்த்தார்கள். கிருபன் சிரித்தான். ஏன் கேட்கிறார்கள் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. நான் ஒரு பெயரையும் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ட்ரக்கையும் கிருபனையும் கொண்டுபோக வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வியாழன் பின்னேரம் கிருபன் வீட்டுக்கு வந்தான். வேலிப் படலையிலேயே நின்றான்.

"சேர், அவையிட்டை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்குச் சரியாத் தெரியாது, நான் இதுக்குச் சரிவர மாட்டன் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பினம்."

"அது பொய்யெல்லோ கிருபன்," என்றேன். "நான் பொய் சொல்லி ஒரு மாணவனைக் குறைச்சுக் கதைக்க மாட்டன்."

"ஓம் சேர்," என்றான். பிறகு, வண்டி மேடு ஏறும்போது வருகிற சத்தம் எதனால் என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு போனான். அஜந்தன் குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

அந்த மாரியில் கிருபன் முடிந்தான். காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு கனகராயன்குளப் பக்கமிருந்து வரும்போது ட்ரக் சேற்றில் புதைந்து, எஞ்சினும் நின்றுபோயிருக்கிறது. கூட வந்தவன் இறங்கி ஓடச் சொல்லியிருக்கிறான். காயக்காரர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவன் எஞ்சினைத் திறந்திருக்கிறான். ஷெல் அப்போதுதான் விழுந்தது. ஓடத் தெரிந்தவனாக இருந்திருந்தால் தப்பியிருப்பான். நான் அவனுக்குத் திருத்தத்தான் பழக்கியிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்த அஞ்சலியில் நான்தான் பேசினேன். எனக்குக் கிடைத்த மாணவர்களிலேயே சிறந்தவன் என்றேன். வீரபாகு என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க பெத்தபுள்ள மாதிரி பாத்தீங்க சார்," என்றார். நான் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு சுரேகா வந்தாள். பக்கத்தில் அஜந்தன் நிற்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் கதைத்தாள்.

"அந்த வயரை மாத்தினது நீங்கள். நான் கண்டனான் சேர். ஏனெண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

"அழுத களைப்பு பிள்ளை, வீட்டை போ," என்றேன்.

அஜந்தன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த நாள் ஒரு பையில் உடுப்பை எடுத்துக்கொண்டு வீரபாகு வீட்டுக்குப் போனான். இன்றுவரைக்கும் அங்கேதான் இருக்கிறான். அவர்களோடு கச்சான் பிடுங்குகிறான், கிணறு இறைக்கிறான், கிருபனின் தம்பிமாரைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறான். வீரபாகுவுக்கு அவன் எதையும் சொல்லவில்லை போல. என்னை வழியில் கண்டால் வீரபாகு சைக்கிளால் இறங்கி நிற்பார், இவன் குனிந்துகொண்டு போய்விடுவான். ஞானேஸ்வரி கிழமையில் இரண்டு நாள் அங்கே போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறாள். வந்து எனக்குச் சாப்பாடு போடுவாள், கதைக்கமாட்டாள்.

நீங்கள் எழுத வேண்டியதை எழுதலாம். வீரபாகுவின் பிள்ளையை என் பிள்ளைக்குப் பதிலாகக் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன், மாதக் கணக்காக, ஒவ்வொரு நாளும் யோசித்து. ஆனால் என் மகன் உயிரோடு இருக்கிறான். வெயிலில் கறுத்து, நல்ல உடம்போடு இருக்கிறான் என்று சொல்கிறார்கள். கோபம் ஒரு நாள் ஆறும். அவனுக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் என்னை விளங்கிக்கொண்டு திரும்பி வருவான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டை விட்டுப் போன அன்றுகூட அவன் சொல்லிக்கொள்ளாமல் போகவில்லை. வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்து, "போட்டு வாறன் சேர்" என்றான். அப்பா என்று சொல்ல வந்திருப்பான், பள்ளிக்கூடப் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது.