பொத்தையில் ஏழு தூர்

மத்தியானம் பன்னிரண்டே கால். மேலநீலிதநல்லூர் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து பிரிகிற வண்டித்தடம். இரண்டு பக்கமும் கரிசல். கார்த்திகை மழை விட்டு நாலு நாள்தான் ஆகிறது. வெயில் சுள்ளென்று அடித்தாலும் மண் இன்னும் டயரில் அப்புகிறது. ஆள் இல்லை... ஆடு மாடு இல்லை... ஒரே ஒரு பைக் முதல் கியரில் திணறிக்கொண்டு போகிறது.

உச்சிப்பொழுதில் என்ன பேய் என்று யாரும் சிரிக்க வேண்டாம். நாம் கதை பேசுகிற இப்போது ராத்திரி, கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. இருந்தாலும் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஆள் தனியாகப் போனார். ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள், பூச்சி வருகிறது.

பைக்கில் போனவர் நம்ம சங்கரபாண்டியின் சகலை, சௌந்தரபாண்டியன். சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு அறக்கட்டளை நடத்துகிற தாவரப் பூங்காவில் அவருக்கு வேலை. பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்கையும் நினைக்கக் கூடாது. காட்டில் அழிந்துகொண்டிருக்கிற செடிகளைக் கொண்டுவந்து, நம்பர் போட்டு, தொட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற இடம் அது. காட்டில் அழிந்துபோனாலும் இங்கே ஒன்று உயிரோடு இருக்கும், நாளைக்கு மறுபடியும் கொண்டுபோய் நடலாம் என்ற ஏற்பாடு. நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் பொறுப்பில் இருந்தது கள்ளிமுளையானில் ஒரு வகை. சாதாரணக் கள்ளிமுளையானை நாமெல்லாம் பிடுங்கித் தின்றிருக்கிறோம். இது தின்கிற சாதி இல்லை. விரல் தடிமனில் நாலு பட்டையாக நிற்கும் தண்டு, நுனியில் உறைந்த ரத்தத்தின் நிறத்தில் பூ. பூத்தால் செத்த எலி நாற்றம் நாறும். ஈயை ஏமாற்றத்தான் அப்படி ஒரு வேஷம். பிணம் என்று நினைத்து ஈ வந்து உட்காரும், முட்டைகூடப் போடும், போகிற போக்கில் மகரந்தத்தை அடுத்த பூவுக்குத் தூக்கிக்கொண்டு போகும். பூங்காவின் வலைக்கூண்டுக்குள் ஈ வராதே? அதனால் சௌந்தரபாண்டியன் சந்தையில் மீன் தலை வாங்கி, தகர டப்பாவில் போட்டு அழுகவைத்து ஈ வளர்ப்பார். டப்பாவைத் திறந்தால் கண் எரியும். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால், அவர் மனைவி இசக்கிச்செல்வி வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பாள்.

இவ்வளவு கூத்தடித்தும் விதை பிடிக்கவில்லை. தொட்டி நாற்பது இருந்தது. ஆனால் நாற்பதும் ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து வைத்தவை. தன் மகரந்தம் தனக்கே ஆகாத செடி அது. போதாததற்கு அந்த வருஷ மழையில் வேர் அழுகல் வேறு வந்தது. தண்டைத் தொட்டால் தோல் கழன்று, உள்ளே கூழாக, பழுப்புத் தண்ணீர் விரலில் வழியும். முப்பத்தொரு தொட்டி அப்படிப் போயிற்று. மிச்சமும் போனால் அந்தச் செடிக்கு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். இந்த வண்டித்தடம் போய் முடிகிற பாறைக்குன்று, பொத்தை என்போமே, அதன் உச்சியில் கொத்துக் கொத்தாக ஏழு தூர்.

அந்தத் தூர்களை முதன்முதலில் பூங்காக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவன் பேச்சிராஜா. பொத்தைக்குப் பக்கத்து ஊர்க்காரன், கூலி வேலைக்குப் போகிறவன், வயது முப்பத்தைந்து இருக்கும். யாரும் கேட்காமலே வாரத்துக்கு ஒரு தடவை ஏறி, செடி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். போன வருஷம் ஒன்பது தூர் இருந்தது. பூத்த சமயம் நாற்றம் பொறுக்காமல், என்னவோ செத்துக் கிடக்கிறதென்று ஊரார் தேடி ஏறி, இரண்டை மிதித்துச் சட்னியாக்கிவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் அடிவாரத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். வாசகம் சௌந்தரபாண்டியன் எழுதியது. 'இங்கே வரும் துர்நாற்றம் அரிய தாவரம் ஒன்றின் பூவிலிருந்து வருவது. பயப்பட வேண்டாம். தேடி மேலே ஏற வேண்டாம்.'

ஊரார் நல்லவர்கள். படித்தார்கள், ஏறவில்லை.

கார்த்திகையில் நாற்றம் வந்தது. பக்கத்து வயலில் களை எடுக்கிற பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வழியாகப் போன ஒரு பால்காரர் பூங்காவுக்குப் போன் செய்து சொன்னார். சௌந்தரபாண்டியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதிவேட்டில் 'பூக்கத் தொடங்கியது' என்று எழுதித் தேதி போட்டார். மூன்றாம் நாள் கல்லூரிப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து, போர்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நன்றாக மூச்சை இழுங்கள், ஆயுசுக்கும் மறக்காது என்றார். ஒரு பெண் அங்கேயே வாந்தி எடுத்தாள். மழை வலுத்துவிட்டதால் யாரையும் மேலே கூட்டிப்போகவில்லை.

அது ஆகி ஐந்து நாள் கழித்து, முதலில் சொன்ன அந்த மத்தியானம்தான் தனியாக வருகிறார். பையில் மெல்லிய பிரஷ், சின்னக் குப்பிகள், கத்தி, பழைய பேப்பர். பூவிலிருந்து மகரந்தம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு தூரிலிருந்தும் ஒரு கிளை ஒடிக்க வேண்டும். அதற்குமேல் எடுக்கக் கூடாது, வேரோடு பிடுங்கவே கூடாது. காட்டில் நிற்பதுதான் அசல், நம்மிடம் இருப்பது நகல் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவரே அவர்தான்.

பைக்கை நிறுத்திவிட்டு ஏறினார். பாதி ஏறும்போதே நாற்றம் முகத்தில் அறைந்தது. அழுகின மீனைத் தினமும் கையாளுகிற மனுஷன், அவருக்கே குமட்டியது. இதில் ஒரு தித்திப்பு இருந்தது... வாயை மூடிக்கொண்டாலும் நாக்கில் வந்து ஒட்டியது... எச்சில் துப்பினாலும் போகவில்லை.

உச்சியில் பேச்சிராஜா இருந்தான்.

கடைசித் தூருக்குப் பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கைலி நனைந்திருந்தது. தலையில் துண்டு. முதுகு முழுக்க ஈ, எள்ளைக் காயப்போட்ட மாதிரி. அவன் ஒரு ஈயைக்கூட ஓட்டவில்லை.

ஏலே பேச்சி, எப்பம் வந்த என்று கேட்டார். அவன் திரும்பவில்லை.

"பூ இன்னும் விரியல அண்ணாச்சி. நல்லாக் குனிஞ்சு பாருங்க."

குரல் அவன் இருந்த இடத்திலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழே, பாறைக்குள்ளிருந்து வந்தது. அதைப் பிறகுதான் யோசித்தாராம். அந்த நேரத்தில் அவருக்குச் செடிதான் முக்கியம். குனிந்து பார்த்தார். மொட்டு. கம்புமணி பருமனில், பச்சையாக, இறுக மூடின மொட்டு. பக்கத்துத் தூரைப் பார்த்தார். அதுவும் மொட்டு. ஏழு தூரிலும் ஒரு பூகூட விரியவில்லை.

அப்படியென்றால் இத்தனை நாள் நாறியது எது?

நிமிர்ந்தார். பேச்சிராஜா இல்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் பாறை ஈரமாக இருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு ஈ மட்டும் ஙொய்ங்... என்று சுற்றிக்கொண்டிருந்தது.

தூர்களுக்கு நடுவே பாறையில் ஒரு வெடிப்பு, இரண்டு ஆள் ஆழம் இருக்கும். எட்டிப் பார்த்தார். கீழே பேச்சிராஜா கிடந்தான். துண்டு முகத்தில் விழுந்து கிடந்தது. வலது கால், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கறுத்து, வீங்கி, வெடித்து, அதற்குள்ளே புழு... உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி. சௌந்தரபாண்டியன் அங்கேயே வாந்தி எடுத்தார். பேச்சி என்று ஒரு தடவை கூப்பிட்டார். ஒரே ஒரு தடவை. பதில் இல்லை.

போனை எடுத்தார். நம்பரை அழுத்தப் போனவர் நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினார் என்பதைக் குடித்திருந்த ஒரு நாளில் சங்கரபாண்டியிடம் அவரே சொல்லியிருக்கிறார். போன் பண்ணினால் தீயணைப்பு வண்டி வரும், போலீஸ் வரும், ஊரே திரண்டு வரும். கயிறும் பூட்ஸுமாக நாற்பது ஐம்பது பேர் இந்த வெடிப்பைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஒரு தூர் மிஞ்சாது. செத்தவன் செத்துவிட்டான், இனி அவனுக்கு என்ன அவசரம்? இப்படித்தான் அவர் புத்தி போயிருக்கிறது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பையைத் திறந்தார்.

ஒரு மணி நேரம். ஏழு தூரையும் வேரோடு எடுத்தார். அவசரத்திலும் முறை தவறவில்லை அந்தப் பாவி. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, நம்பர் கட்டி, வடக்குப் பார்த்த பக்கம் தெரிய நூல் சுற்றி, அடிமண்ணில் ஒரு பிடி தனிக்கவரில் போட்டு, வேரை ஈரப்பேப்பரில் பொதிந்தார். மூக்கில் கைக்குட்டை. நாலாவது தூர் வெடிப்பின் விளிம்பிலேயே இருந்தது. குப்புறப் படுத்துக் கத்தியால் கீறிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு சத்தம். டொக்... கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... டொக்... டொக்... கல்லில் கல் தட்டுகிற சத்தம்.

எங்கேயோ கல் உடைக்கிற கிரஷர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கிரஷர் ஓடாது என்பது அவருக்கும் தெரியும். ஆறாவது தூரை எடுக்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது. ஏழாவதை எடுக்கும்போது கேட்கவில்லை.

செடியையெல்லாம் பைக்கில் ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டுத்தான் போன் செய்தார். மணி ஒன்றே முக்கால். சொல்லி வைத்த மாதிரி எல்லாரும் சீக்கிரம் வந்தார்கள். தீயணைப்பு ஆட்கள் இரண்டு பேர் கயிறு கட்டி இறங்கினார்கள். இறங்கினவர்களில் ஒருவர் கீழே இருந்து கத்தினார், மூச்சு இருக்கிறது என்று.

மூச்சு இருந்தது. பாறையில் தேங்கின மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கால் அழுக அழுக, அத்தனை நாளும் உயிரோடு கிடந்திருக்கிறான். போர்டைப் படித்துவிட்டு ஊர் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறது. மேலே தூக்கி, ஸ்ட்ரெச்சரில் வைத்து, அடிவாரம் வரை கொண்டுவருவதற்குள் அடங்கிவிட்டான். வலது கைக்குள் ஒரு கல் இருந்தது. விரலைப் பிரித்து அதை எடுக்க யாராலும் முடியவில்லை. கொஞ்சம் முந்திக் கிடைத்திருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார். யாரையும் குறை சொல்லி இல்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

பேச்சிராஜாவின் மனைவி பொன்மணி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் இரண்டு பேருக்கும் சண்டை, அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். முன்னேயும் இரண்டு தடவை அப்படித் திருப்பூருக்குப் போய்விட்டு வந்தவன்தான் என்று அவள் தேடவில்லை. அவள் அழவில்லை. நேரே சௌந்தரபாண்டியனிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க அவுகள எத்தன மணிக்குப் பாத்தீய?"

"ஒண்ணரைக்கு" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று வேறு கேட்டாளாம். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் சங்கரபாண்டி காறித் துப்புவான். யாராக இருந்தாலும் துப்பத்தான் தோன்றும்.

செடி பிழைத்துக்கொண்டது, அதை மறைக்க முடியாது. ஏழும் வேர் பிடித்து, மாதத்துக்குள் பூத்து, விதை கட்டின. இப்போது முந்நூறு கன்று நிற்கிறதாம். பேப்பரில் போட்டோ வந்தது. சௌந்தரபாண்டியனுக்குச் சால்வை போர்த்தினார்கள். பொத்தையில் இப்போது வெறும் பாறைதான்.

ஆனால் அவர் வலைக்கூண்டுக்குள் நின்றால் ஈ பூவுக்குப் போவதில்லை.

பக்கத்தில் அத்தனை பூ நாறிக்கொண்டிருக்கும். ஒன்றில்கூட உட்காராது. அவருடைய வலது காலுக்குத்தான் வரும், முழங்காலுக்குக் கீழே. காலில் புண் இல்லை, சிரங்கு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. மூன்று வேளை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். மீன் டப்பாவைத் தொடுவதையே விட்டுவிட்டார். இருந்தாலும் சாயங்காலம் பேண்ட்டைத் துவைக்க எடுத்தால், உள்பக்கம் தையல் ஓரமாக வெள்ளை வெள்ளையாக ஈ முட்டை வரிசை கட்டி இருக்கும். இசக்கிச்செல்வி அதைக் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவாள். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்தாள். தண்ணீர் விட்டுக் குழைத்து, அவரை உட்காரவைத்து, அந்தக் காலில் அழுத்திப் பூசினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். எங்கே பூசுகிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். பூசிவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

விடிந்து பார்த்தால் மண் காய்ந்து பாயில் உதிர்ந்து கிடந்தது. அவள் நாலு விரலும் பதிந்த குழிகள் மட்டும் காலில் அப்படியே இருந்தன... இன்றைக்கு வரைக்கும் அந்தச் சதை மேலே எழும்பவில்லை.