வெருளிக்குப் போட்ட உடுப்பு

குருவி கலைக்கிற வெருளிக்குத் தன்ர பேர் தைச்ச உடுப்பைப் போட்டு நிப்பாட்டிப்போட்டுக் கஞ்சா வளத்த மடையன், இந்த விக்ரோறியாவிலயே எங்கட அண்ணன் ஒருத்தன்தான். நல்ல வசனம், தம்பி. நீர் சொன்னதை அண்ணி ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னனானே? கிளென் வேவெளியில இருந்து கிரான்பேர்ண் வரைக்கும் காருக்குள்ள பாடமாக்கிக்கொண்டு வந்தனீரோ, இல்லை உம்மட மனிசி ரஞ்சினி எழுதித் தந்து விட்டவவோ?

மெல்லக் கதையும். கொண்ணர், உம்மட அந்த மடைய அண்ணன், அறைக்குள்ள படுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பொலிஸ் கொண்டு போனது, நேற்றுப் பின்னேரம்தான் விட்டவங்கள். நாளைக்கு விடியக் கோட்டில நிக்க வேணும். அந்தக் கதிரையில இருக்காதையும், கால் ஆடும். இதில இரும்.

மானம் போட்டுது எண்டுறீர். சரி, டொக்டர் சிவபாலன் எண்ட உம்மட மானம் போட்டுது. இவருக்கு நாளைக்குக் குற்றவாளி எண்டு எழுதினா டண்டினொங் பக்ரறியில வேலை போகும். சிற்றிசன் பேப்பர் இன்னும் வரேல்லை, அதுவும் போகும். திருப்பி அனுப்பினா, போன வருசம் எங்கட சனத்தை அடிச்சுக் கலைச்ச நாட்டில போய் இறங்க வேணும். உமக்கு மானம். எங்களுக்கு மிச்சமெல்லாம்.

என்ன கேக்கிறீர்? அவ்வளவு மிருகத்துக்கு நடுவில அந்தச் செடி எப்பிடி வளந்ததெண்டோ? இப்பவாவது ஒரு புத்தியான கேள்வி கேட்டீர்.

முதல்ல வந்தது முயல். ஜனவரியில, செடி ஒரு சாண் உயரம். விடிய எழும்பிப் பாத்தா மூண்டு செடி கத்தரிக்கோலால வெட்டினமாதிரி. கோழிக்கம்பி அடிச்சா மட்டும் காணாது, தம்பி. நிலத்துக்குள்ள ஒரு அடி தாட்டு, வெளிப்பக்கமா மடிச்சு விட வேணும். முயல் கிண்டேக்க அந்த மடிப்பில முட்டும். ரெண்டடி பின்னுக்குப் போய்க் கிண்டினா உள்ள வந்திடலாம். போகாது. எங்கட ஆக்களைப்போல, முட்டின இடத்திலயே நிண்டு கிண்டும்.

பிறகு பொசம் எண்டு ஒரு மரமேறி. பூனையின்ர முகம், எலியின்ர குணம். குருத்தை மட்டும் கடிச்சுப்போட்டு மிச்சத்தை எங்களுக்கு விட்டிட்டுப் போகும். அம்மா ஊரில இருந்து தபாலில அனுப்பின கறித்தூளைக் கரைச்சுத் தெளிச்சது. முதல் நாள் தும்மிக்கொண்டு ஓடினது. நாலாம் நாள் வேலியில இருந்து பாத்துக்கொண்டிருக்குது, எப்ப தெளிப்பினம் எண்டு. ரஞ்சினியின்ர குழம்பைவிட உறைப்பாய் இருந்திருக்கும். அதுக்குப் பிறகுதான் கம்பியின்ர மேல்விளிம்பை இறுக்கிக் கட்டாமல் தளர விட்டது. ஏறினா ஆடும். ஆடுற வேலியில பொசம் நிக்காது.

மீன் கழுவின தண்ணியால வந்தது பெரிய பிழை. ஊரில முருங்கைக்கும் ரோசாவுக்கும் ஊத்துறதுதானே எண்டு இதுக்கும் ஊத்தினது. இஞ்ச அது நரிக்கு வெத்திலை வைச்சுக் கூப்பிட்டமாதிரி. ஒரே கிழமையில ரெண்டு செடியை வேரோட கிண்டிப்போட்டுது. இந்த நாட்டுச் சனத்தில ஒருத்தரும் இந்தப் பிழையை விட்டிருக்காயினம்.

வலபி எண்டு ஒண்டு, கங்காருவின்ர கடைசித் தங்கச்சி. அது கம்பியைத் தலையால நெம்பிக்கொண்டு வரும். மனிச மணம் அதுக்குப் பிடியாது. பழைய ஸ்ரொக்கிங்சுக்குள்ள தலைமயிரை அடைச்சு வேலி நெடுகத் தொங்க விட வேணும். மழைக்கு மணம் போயிடும், பிறகும் மாத்த வேணும். நிறைய மயிர் வேணும், தம்பி.

கடைசியாக் கிளி. மார்ச்சில விதை பிடிக்க, பச்சையும் சிவப்புமா வந்து குந்தீட்டுதுகள். அதுக்குத்தான் வெருளி. ரெண்டு தடி, ஒரு வைக்கல் சாக்கு, தலைக்குப் பெயின்ற் வாளி. வெருளிக்கு என்ன போடுறது? வீட்டு ஆம்பிளையின்ர பழசு. வேற என்ன போட்டுப் பாத்தனீர் ஊரில? முழங்கால் கிழிஞ்ச பக்ரறி உடுப்புக் கிடந்தது. நெஞ்சில சிவப்பு நூலால அரி எண்டு தைச்சிருக்கு. அரியரத்தினம் எண்டு சொல்ல அவங்களுக்கு நாக்கு வளையாதெண்டு பக்ரறிக்காரர் வெட்டித் தந்த பேர். நாலு வருசமாத் தோய்ச்சுத் தோய்ச்சு அந்தப் பேர் கண்ணில படுறதே இல்லை.

மூண்டு நாள் விடாத மழை. றோட்டால போன பால் லொறிக்காரன், ஒரு மனிசன் மழைக்குள்ள அசையாமல் நிக்கிறான், என்னவோ ஏதோ எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறான். அவங்கள் வந்தது உயிரைக் காப்பாத்த. எங்கட வீட்டில உயிரைக் காப்பாத்தவெண்டு ஒருத்தர் வந்தது அதுதான் முதல்தரம்.

உடுப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு வாசலில நிக்கிறான், ஒரு சின்னப் பொலிஸ் பெடியன். என்னைப் பாத்து, குருடிக்கு வழி காட்டுறமாதிரி, மெல்ல மெல்ல, யூ... வைஃப்... இங்கிலிஷ்? எண்டான். பத்து வருசம் கொன்வென்ரில ஐரிஷ் மதர்மாரிட்டப் பிரம்படி வாங்கிப் படிச்ச இங்கிலீஷ், தம்பி. நான் வாயைத் திறக்க முந்தி, கொண்ணர் உடுப்பைப் பாத்தார். என்னைப் பாத்தார். பொத்து வாயை எண்டு தமிழில சொல்லிப்போட்டு, தான்தான் எல்லாம் வளத்தது எண்டு அவனுக்குச் சொன்னார். இருபத்தாறு வருசத்தில எனக்காகச் சொன்ன ஒரே பொய். அதையும் பிழையான இங்கிலீசில சொன்னார்.

ஏன் நிமிர்ந்து பாக்கிறீர்?

கொண்ணருக்குப் பொசம் எது, பூனை எது எண்டு தெரியாது. செடி நிண்ட பக்கம் அவர் போனதே இல்லை. பொலிஸ் வேலியில தொங்கின மயிரையும் பையில போட்டுக் கொண்டு போனது. அரை நரை, இடுப்பளவு நீளம். உம்மட அண்ணனுக்குக் கலியாணத்தண்டே தலை வழுக்கை. போன மாசம் உங்கட வீட்டில ரஞ்சினி கேட்டவவெல்லே, அண்ணிக்கு இந்த வயசில கட்டை முடி ஸ்ரைலோ எண்டு. ஸ்ரைல் இல்லை. வலபிக்கு.

ஓம், தம்பி. நான்தான்.

பக்கத்து வளவில கரவன் வண்டியில குடியிருந்த பெட்டை, ஷெரில். குவீன்ஸ்லாந்துக்குப் போட்டு ரெண்டு கிழமையில வாறன், என்ர செடியைப் பாருங்கோ எண்டு கேட்டுப் போனவள். வரேல்லை. கஞ்சா எண்டு தெரியாமலோ? என்ர அப்பா கோட்டில கேஸ் பேசின மனிசன், பொலிஸ் பிடிச்ச செடியைச் சின்னனிலயே பாத்தனான். தெரிஞ்சுதான் பாத்தனான். நான் சுருட்டிப் பத்தவுமில்லை, விக்கவுமில்லை. மகள் சிட்னிக்குப் போனாப் பிறகு இந்த வீட்டுப் படியேறி வந்து என்னட்ட ஒரு வேலை தந்தது அவள் ஒருத்திதான். நாலு வருசத்தில நீங்கள் ஒருத்தரும் உப்பு இருக்கோ எண்டுகூட என்னட்டக் கேக்கேல்லை. பதினொரு செடியில ஆறு பிழைச்சது. அதைக் கொண்ணர் செய்ததெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்.

நீர் யோசிக்கிறது விளங்குது. அண்ணன் கஞ்சா வளத்தா மடையன் எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு விடலாம். அண்ணி வளத்தா அதை எந்தச் சபையில கொண்டுபோய் வைக்கிறது எண்டு யோசிக்கிறீர். அவர் கோட்டில ஏறினாப் பிறகு நான் சொல்லி என்ன? இண்டைக்கே சொல்ல வேணும். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச பஸ் இல்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது.

உம்மைச் சாட்சிக்கு வரச் சொல்லேல்லை. கையெழுத்தும் கேக்கேல்லை. டண்டினொங் பொலிஸ் ஸ்ரேசன் வாசலில என்னை இறக்கிப்போட்டு நீர் உம்மட பாட்டில போம். உள்ள கூட வர வேண்டாம், காரைத் தள்ளி நிப்பாட்டும், ஒருத்தரும் காணாயினம். அவர் எழும்ப முந்திப் போக வேணும். நான் செருப்பைப் போட்டிட்டன்.

தம்பி. நிலத்தைப் பாக்காதையும். உம்மட்டத்தான் கேக்கிறன், கொண்டுபோய் விடுவீரே?