தேடி வரமாட்டேன்

செல்வலட்சுமி: அதெல்லாம் சரிங்க சார். பானுப்பிரியா உங்களுக்கு ஏதாவது சொந்தமான்னுதான் கேட்டேன்.

சங்கிலிமுத்து: சொந்தமா? எனக்கா? நல்லாக் கேட்டீக போங்க. காலேஜ் பிள்ள மேடம். வருது, வேல பாக்குது, போகுது. நான் இந்தப் பட்டாசுக் கம்பெனியில போர்மேன். அம்புட்டுத்தான்.

செல்வலட்சுமி: கோவிச்சுக்காதீங்க. அவளோட டீச்சர், நான் கேட்டுத்தான் ஆகணும். சமூகவியல் பிள்ளைங்களுக்கு இந்த இன்டர்ன்ஷிப்புக்குன்னு தனியா கிரெடிட் இருக்கு. அது ஏறலேன்னா டிகிரியே கைக்கு வராது. சொந்தக்காரங்களுக்குக் கீழ வேல பாத்தா கிரெடிட் கிடையாது. ரூல் அப்படி.

சங்கிலிமுத்து: தெரியும் மேடம்.

செல்வலட்சுமி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

சங்கிலிமுத்து: அது... அந்தப் பிள்ளதான் வந்த அன்னைக்கே சொல்லுச்சு.

கருப்பம்மாள்: மேடம், டீ எடுத்துக்கோங்க. போர்மேன் அண்ணே, இந்தாங்க ஒங்களுக்கு... ஐயய்யோ, என்னால முடியலண்ணே! மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பு வருது.

சங்கிலிமுத்து: ஏத்தா கருப்பம்மா, ஒனக்கு பேக்கிங்ல வேல கெடையாதா?

கருப்பம்மாள்: சாப்பாட்டு நேரம்ணே. மேடம், இந்த மனுசனுக்கு நேத்து வரைக்கும் மீசை இருந்துச்சு, அய்யனார் கணக்கா! இன்னைக்குக் காலையில பாத்தா...

சங்கிலிமுத்து: வெயிலு மேடம். வேர்க்குது. எடுத்துட்டேன்.

செல்வலட்சுமி: மீசையிலயா வேர்க்கும்?

சங்கிலிமுத்து: திருத்தங்கல் வெயிலுக்கு எங்கன வேணாலும் வேர்க்கும் மேடம்.

செல்வலட்சுமி: அது சரி. பானு இங்க என்ன பண்ணா? அதச் சொல்லுங்க.

சங்கிலிமுத்து: மொதல்ல ஒண்ணும் பண்ணல. ஓரமா உக்காந்து எல்லாரையும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நானும் என்ன நெனச்சேன், பொழுதுபோகாம வந்த பிள்ள, நாலு நாள்ல ஓடிரும்னு...

கருப்பம்மாள்: நீங்களா? நீங்களாண்ணே அப்பிடி நெனச்சீக?

சங்கிலிமுத்து: நீ சும்மா இரு! அப்புறம் ஒருநா தீ ஒத்திகை வந்துச்சு மேடம். சைரன் அடிச்சா எல்லாரும் கேட்டத் தாண்டி ஓடணும். வருசா வருசம் பண்றதுதான். அன்னைக்கும் அடிச்சோம். பாதிப் பேருதான் வெளிய போனாக. மிச்சம் பூராம் உள்ளுக்குள்ளயே குறுக்கும் மறுக்குமா ஓடுது.

செல்வலட்சுமி: பயமா?

சங்கிலிமுத்து: பயம் இல்ல. இங்கன ஒரு வழக்கம் இருக்கு. ஒரு வீட்டு ஆளுகள ஒரே ரூம்ல போடமாட்டோம். தாயி இந்தப் பக்கம், மக அந்தப் பக்கம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போனா... வீட்டுக்கு ஒரு ஆளாவது மிஞ்சணும்ல.

செல்வலட்சுமி: ம்.

சங்கிலிமுத்து: நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணோம். ஆனா சைரன் அடிச்சதும் தாயி மக ரூமப் பாத்து ஓடுறா, மக தாயி ரூமப் பாத்து ஓடுறா.

கருப்பம்மாள்: நானும்தான் ஓடுனேன் மேடம், எந்தங்கச்சி பத்திரகாளியத் தேடி. அவ என்னத் தேடி என் ரூமுக்குள்ள போயி நிக்கா. நெசமா வெடிச்சிருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம்.

சங்கிலிமுத்து: நாங்களும் இத வருசக்கணக்காப் பாக்கோம். என்ன செய்வோம்? ‘ஏ கூறுகெட்டவளுகளா, வெளிய ஓடுங்க’ன்னு கத்துவோம். அந்தப் பிள்ள கத்தல. கஞ்சி குடிக்கிற நேரத்துல ஒவ்வொரு ஆளு பக்கத்துலயும் போயி உக்காரும். ஒரே ஒரு கேள்விதான் கேக்கும். ‘சைரன் அடிச்சதும் மொதல்ல யாரு மொகம் ஞாபகத்துக்கு வருது?’

கருப்பம்மாள்: மொதல்ல சிரிச்சோம் மேடம். ஒருத்தி ஒரு நடிகர் பேரச் சொன்னா! ஒரே கூத்து. அப்புறம் எம்முறை வந்துச்சு. ‘பத்திரகாளி’ன்னு சொல்ல வாயத் தொறந்தேன்... பேரு வரல, அழுகைதான் வந்துச்சு. அந்தப் பிள்ள என் கையப் பிடிச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருந்துச்சு.

செல்வலட்சுமி: அப்புறம்?

சங்கிலிமுத்து: அப்புறம்தான் மேடம் அது மூளை! எம்புட்டு மூளைங்கிறீக! ‘ஓடாதன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாக. தேடுற ஆளு எங்க இருக்கும்னு தெரிஞ்சாப் போதும்’னுச்சு. கேட்டுக்கு வெளிய மஞ்சணத்தி மரம் நிக்கில்ல, அதக் காட்டி, ‘எல்லாரும் அங்க வந்துருங்க. தேடுறத அங்க வந்து தேடுங்க’ன்னுச்சு.

செல்வலட்சுமி: உடனே ஒத்துக்கிட்டாங்களா?

கருப்பம்மாள்: எங்க? அதுக்குத்தானே சத்தியம். தாயையும் மகளையும் எதிரெதிர உக்கார வச்சு, கையில கை வச்சு... எப்பிடிச் சொன்னோம்... ‘நான் ஒன்னத் தேடி வரமாட்டேன். நீயும் என்னத் தேடி வராத. மரத்தடியில பாப்போம்.’

செல்வலட்சுமி: அவ்வளவுதானா?

கருப்பம்மாள்: சொல்லதுக்கு லேசா இருக்கு. அன்னைக்கு அழாத ஆளு கெடையாது மேடம்.

சங்கிலிமுத்து: அடுத்த ஒத்திகையப் பாக்கணுமே! சைரன் அடிச்ச மாயத்துல மொத்தக் கம்பெனியும் மரத்தடியில நிக்கி. மொதலாளி அசந்துட்டாரு. நான் இந்தத் தொழில்ல எம்புட்டோ ஆபீசரப் பாத்துட்டேன் மேடம். வந்தாக, நோட்டீஸ் ஒட்டுனாக, போனாக. இந்தப் பிள்ள செஞ்சத ஒருத்தரும் செய்யல.

கருப்பம்மாள்: எல்லாரும் வந்தோம்... ஒரே ஒரு ஆளத் தவிர.

செல்வலட்சுமி: யாரு அது?

சங்கிலிமுத்து: டீ ஆறிப்போகுது மேடம்.

செல்வலட்சுமி: யாரும்மா?

கருப்பம்மாள்: நான் போயி பேக்கிங்கப் பாக்கேன்.

செல்வலட்சுமி: உக்காருங்க. சார், நீங்களா?

சங்கிலிமுத்து: ...ஆபீஸ் ரூம்ல ஒரு பைலு கெடந்துச்சு. அத எடுக்க...

கருப்பம்மாள்: பைலாம்ல!

சங்கிலிமுத்து: ஏத்தா!

செல்வலட்சுமி: ஆபீஸ் ரூம்ல யாரு உக்காந்திருப்பா?

சங்கிலிமுத்து: ...அந்தப் பிள்ள. ஆனா அது எனக்கு முந்தியே மரத்தடிக்குப் போயிருச்சு. நான்தான் காலி ரூமுக்குள்ள நின்னு மேசைக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாத்துக்கிட்டு...

செல்வலட்சுமி: இத்தன பேருகிட்ட சத்தியம் வாங்குனவ, உங்ககிட்ட மட்டும் ஏன் வாங்கல?

சங்கிலிமுத்து: எப்பிடி மேடம் வாங்கும்? வெளியாளா நிக்கிற பிள்ள எல்லாரு முன்னாடியும் வந்து, ‘என்னத் தேடி வராதீங்கப்பா’ன்னு எப்பிடி...

கருப்பம்மாள்: போச்சு!

செல்வலட்சுமி: ம். சொல்லுங்க. அப்பா.

சங்கிலிமுத்து: மேடம், ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். எம்மக மேல தப்பே கெடையாது. கேட்ட எடத்துல எல்லாம் ஆளு நெறஞ்சிருச்சுன்னுட்டாக. நாள் நெருங்கிருச்சு. நான்தான் இங்கன வான்னேன். வந்த நாள்ல இருந்து ‘சார்’னுதான் கூப்பிட்டா. வீட்டுலயும் வாய் தவறி, ‘சார், கொழம்பு ஊத்தவா’ன்னுட்டா. அவ ஆத்தா கரண்டிய ஓங்கிட்டா!

கருப்பம்மாள்: நாங்களும் மறைச்சோம் மேடம். மொத்தக் கம்பெனியும். அந்தப் பிள்ளைக்காக.

சங்கிலிமுத்து: அவ படிச்ச படிப்ப வீணாக்கிறாதீக. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க.

செல்வலட்சுமி: உங்களச் சொல்லாம விடுவேனா? அட்மிஷன் அன்னைக்கு டிபார்ட்மெண்ட் வாசல்ல நின்னு எங்கிட்ட சண்ட போட்டது யாரு? ‘எம்மகளுக்குக் கம்ப்யூட்டர் வேணாம், அவளுக்கு மனுசங்களத்தான் பிடிக்கும், சமூகவியலே குடுங்க’ன்னு? மீசைய எடுத்துட்டா கொரலு மாறிருமா?

கருப்பம்மாள்: அடப்பாவமே! மீசை அநியாயமாப் போச்சேண்ணே!

சங்கிலிமுத்து: அப்ப... தெரிஞ்சுக்கிட்டேதான் இம்புட்டு நேரமும்...?

செல்வலட்சுமி: ஒரு அப்பா மகள வெளியாளு மாதிரி எப்படித்தான் பேசுறாருன்னு பாக்கணும்போல இருந்துச்சு. சுமாராத்தான் நடிச்சீங்க. சரி, கேளுங்க. நீங்க எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. முதலாளி போடட்டும். ‘போர்மேன் மகள்தான்’னு மறைக்காம எழுதட்டும். டிபார்ட்மெண்ட்ல நான் பேசிக்கிறேன்.

சங்கிலிமுத்து: கிரெடிட் கெடச்சிருமா மேடம்?

செல்வலட்சுமி: இந்த வேலைக்குக் கிடைக்கலேன்னா வேற எதுக்குங்க கிடைக்கணும்? இத்தன வருசம் பாடம் நடத்துறேன். ஒரு சைரனுக்கு ஜனங்க ஏன் தப்பா ஓடுறாங்கன்னு கண்டுபிடிச்ச மாணவிய நான் பாத்ததில்ல. வாங்கிக் குடுக்காம விடமாட்டேன்.

சங்கிலிமுத்து: ...நல்லா இருக்கணும் மேடம் நீங்க.

செல்வலட்சுமி: ஆனா ஒண்ணு. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தச் சத்தியத்த நீங்க பண்ணணும். அவ கையில கை வச்சு.

சங்கிலிமுத்து: தேடி வரமாட்டேன்னா?

செல்வலட்சுமி: ஆமா.

சங்கிலிமுத்து: அது... எப்பிடி மேடம்? ஊருக்கெல்லாம் சரி. பெத்தவன் நான்... உள்ள இருக்காளோ இல்லையோன்னு தெரியாம நான் எப்பிடி மரத்தடியில போயி நிப்பேன்?

செல்வலட்சுமி: நிக்கணும்.

சங்கிலிமுத்து: காலேஜ்ல இருந்துக்கிட்டு லேசாச் சொல்லிட்டீக மேடம். இங்கன உள்ள நெலம ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது...

செல்வலட்சுமி: எங்க அம்மாவும் இதே மாதிரி ஒரு கம்பெனியிலதாங்க வேல பாத்தாக. நான் தூக்குச்சட்டியில சோறு கொண்டு போயிருந்தேன். வெடிச்சதும் அம்மா வெளிய ஓடி வந்துட்டாக. என்னக் காணோம்னு... திரும்ப உள்ள போனாக. நான் அப்ப கேட்டுக்கு வெளிய, ஐஸ் வண்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்.