பெயர் இல்லாமல் போன குரல்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியீர், கண்டி மாநகரின் சான்றோரே, கலஹா மலையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னும் சிறிது நேரத்தில் இந்த மேசைமீதுள்ள ரேடியோப் பெட்டி பேசும். கொழும்பிலிருந்து சொற்பொழிவு வரும், இசை வரும், நாடகம் வரும். விஞ்ஞானத்தின் விந்தை என்று எனக்கு முன் பேசியவர்கள் புகழ்ந்தார்கள். நான் அவ்வளவு விரைவில் புகழ்பவள் அல்லேன். மலையைக் கடந்து குரல் வந்துவிட்டது; மனத்தைக் கடந்து வந்துவிட்டதா?

சென்ற மாத நாடகத்தை நினைத்துப் பாருங்கள். மகனை இழந்த தாயாக ஒரு பெண் பேசினாள். இந்த மண்டபமே அழுதது. முடிவில் அறிவிப்பாளர் என்ன சொன்னார்? “தாயாக நடித்தவர், கண்டியைச் சேர்ந்த ஒரு பெண்மணி.” பெண்ணின் பெயரை ஊரறியச் சொல்வது மரியாதையல்ல என்பது நம் வழக்கம். குரலைக் கேட்கலாம், குரலுக்காகக் கண்ணீர் விடலாம், பெயரை மட்டும் கேட்கலாகாது.

ஊர் சும்மா இருக்குமா? மாதா கோயிலில் பாடுகிற பியட்றிஸ்தான் என்று தானே முடிவு கட்டியது. பியட்றிஸ் கலஹாவில் ஒரு தோட்டப் பாடசாலையின் ஆசிரியை. நாடகமாடுகிறவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா என்று பாடசாலை நிர்வாகி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்.

“நான் கொழும்புக்கே போகலீங்க. அது என் குரலே இல்லைங்க” என்றார் பியட்றிஸ்.

“நடிச்சவங்க நடிக்கலைன்னு சொல்றதும் ஒரு நடிப்புத்தானே” என்றார் நிர்வாகி.

பின்வரிசையில் சிரிப்பவர்களே, பியட்றிஸ் வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

உண்மையில் தாயாகப் பேசியவள் ஸக்கியா. பிலிமத்தலாவையில் புடைவைக் கடை வைத்திருக்கும் தாஸிம் அவர்களின் மகள். பெயர் வெளிவராது என்ற உறுதியின் மேல்தான் தந்தையே அவளைக் கொழும்புக்கு அழைத்துப் போயிருந்தார். பியட்றிஸின் நிலை தெரிந்ததும், அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்த என் முன்னிலையிலேயே மகள் கேட்டாள்:

“வாப்பா, நான் பேசினதுக்கு அந்த டீச்சர்ட வேல போறதா?”

“குரல் போனா போகட்டும் மகள். பேரு ஊட்டுக்குள்ள ஈக்கட்டும். ஒனக்குக் கலியாணம் பேசி ஈக்கிற நேரம்.”

“அவங்க தலயில பழியப் போட்டுட்டு நான் எப்பிடி வாப்பா நல்ல பிள்ளயா ஈக்கிற?”

மறுநாள் தாஸிம் கடையைப் பூட்டினார். கலஹாவுக்குப் போனார். பாடசாலை முற்றத்தில், பெற்றோர் கூடி நிற்க, நிர்வாகியிடம் சொன்னார்: “அன்டைக்கி ரேடியோவில பேசினது என்ட மகள். பேரு ஸக்கியா.”

பியட்றிஸ் மீண்டும் வகுப்பில் நிற்கிறார். நிர்வாகி மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. நியாயம் செய்தவர் கழுத்தில் உடனே மாலை விழும் என்று பொய் சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எது மானம்? நம் பெயரை மறைத்துக் காப்பதா, நம் பொருட்டுப் பிறர் பெயர் கெடாமல் காப்பதா?

இன்றைய நாடகத்தில் பேசும் ஸக்கியாவுடன் அவள் தாய் ஆஸியா உம்மா கொழும்புக்குப் போயிருக்கிறார். தந்தை இங்கே முன்வரிசையில் இருக்கிறார். தாஸிம் அவர்களே, தலை நிமிர்ந்திருங்கள். இன்று அறிவிப்பாளர் உங்கள் மகளின் பெயரைச் சொல்லுவார். சொல்லும்படி கேட்டுக்கொண்டவர் நீங்கள்.

சபையோரே, அந்தப் பெயர் வரும்போது தயவுசெய்து யாரும் கை தட்ட வேண்டாம், இருமவும் வேண்டாம். அந்தத் தந்தை அதை முழுதாகக் கேட்க வேண்டும்.

செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, பெட்டிக்கு வழி விடுகிறேன். வணக்கம்.