அக்காவின் பிரஷர் இறங்கிய கதை

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது, ரெம்பியாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸைச் சிப்பாய்கள் சோதனைக்கு நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க, எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு தோட்டத்துப் பெண்கள் மட்டும் ஓயவில்லை. சின்னவள்தான் கேட்டாள்.

“புளிச்ச தேத்தண்ணியில பிரஷர் இறங்குமாக்கா?”

“இறங்கிருச்சே! தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெஸரே அசந்துட்டாரு.”

“தினமும் குடிக்கிறீங்களா?”

“நானா? சீச்சீ, வாயில வைக்க முடியாது. எங்க வீட்டுக்காரருதான் குடிக்கிறாரு.”

“அப்ப அவரு பிரஷரா இறங்குச்சு?”

“என்னோடதுலா! கள்ளு மாதிரியே புளிப்பும் நுரையும் இருக்கா, கள்ளுக்கடைப் பக்கமே போறதில்ல. முன்னெல்லாம் கர்ஃபியூ நேரத்துல தள்ளாடிக்கிட்டு வருவாரு. சிப்பாய்ங்க சுட்டுருவானுங்களோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். இப்ப வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஆளு வீட்டுல, கையில கிளாஸோட!”

சின்னவள் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“நாளைக்கு எனக்கு ஒரு போத்தல் குடுங்கக்கா. எங்க வீட்டுலயும் ஒருத்தரு இருக்காரு.”