பாஞ்சாலியின் முழங்காலுக்கு ஒரு தலையணை

இலவம்பஞ்சுத் தலையணையை அவ்வப்போது வெயிலில் காட்ட வேண்டும், டாக்டர். இல்லாவிட்டால் பஞ்சு கட்டிப்போய் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் ஆகிவிடும். எங்கள் வீட்டுத் தலையணை அப்படி ஆனதே இல்லை. மொட்டை மாடியில் போட்டு, இரண்டு பக்கமும் தட்டி, சூடு ஆறியதும் உறை மாட்டிக் கீழே எடுத்து வருவேன். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை.

சற்று முன்பு என் மனைவியிடம் கேட்டீர்கள், படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று. அவள் வெள்ளந்தியாகத் தலையணை என்றாள். யார் வைக்கச் சொன்னது என்றீர்கள். "பிசியோ பொண்ணுதான் சொல்லுச்சாம் சார். இவுரு ஒரு நாளுகூட மறக்காம வெச்சிடுவாரு" என்றாள். அப்போது நீங்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவளை எக்ஸ்ரேவுக்கு அனுப்பினீர்கள். எங்கள் மகள் வனஜா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனதும் எழுந்து கதவைச் சாத்தினீர்கள். நான் அதிகம் படிக்காதவன்தான். ஆனாலும் கதவு எதற்குச் சாத்தப்படுகிறது என்பது புரியும். சொல்கிறேன். மறைக்க வேண்டிய காரியம் எதையும் நான் செய்யவில்லை.

என் பெயர் குணசேகர். கோலார் தங்கச் சுரங்கத்தில் மரவேலை பார்த்தவன். மரவேலை என்றால் நாற்காலி மேசை அல்ல. பூமிக்குள்ளே பாறையை வெட்டி எடுத்த பிறகு அந்த இடம் வெறும் பொந்தாக நிற்கும், மிச்சப் பாறை தலைக்கு மேலே தொங்கும். அதற்கடியில் தடித்த மரத்தை நிறுத்தி, ஆப்பு அடித்து, மரத்துக்கும் பாறைக்கும் நடுவே துண்டுக்கட்டைகளைத் திணித்து இறுக்க வேண்டும். கை நுழையும் சந்து இருந்தாலும் விடக் கூடாது. இடைவெளி கிடைத்தால் பாறை அசையும், அசைந்தால் ஆளை அடித்துவிடும். நிறுத்திய மரத்தை யாரும் உருவக் கூடாது என்பதும் அங்கே சட்டம். நான் மரம் நிறுத்திய இடத்தில் ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஷிப்டுக்கு வருகிறவர்கள், "குணா வெச்ச எடமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அதற்கடியில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். நாங்கள் பெங்களூரு பக்கம் காடுகோடிக்கு வந்து சேர்ந்தோம். பாஞ்சாலிக்கு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்தது. பாத்திரம் கழுவப் போனவள், கெட்டிக்காரி, கொஞ்ச காலத்திலேயே மற்றவர்களை வேலை வாங்குகிற இடத்துக்கு வந்துவிட்டாள். நான் செக்யூரிட்டி வேலைக்குப் போய்ப் பார்த்தேன். தொப்பி மாட்டிக்கொண்டு, வருகிற கார் எல்லாவற்றுக்கும் கேட்டைத் திறந்து மூட என்னால் ஆகவில்லை. விட்டுவிட்டேன்.

காலையில் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். "சோறு மூடி வெச்சிருக்கேன், துன்னு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அதன் பிறகு வீட்டில் சத்தம் இருக்காது. கோலார் தங்கவயலுக்குப் போகிற கே.ஜி.எஃப். ரயில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். சாயங்காலம் வந்து, கேண்டீனில் யார் என்ன சொன்னார்கள், எந்த ஆபீசர் எந்தக் குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார் என்றெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பெயர்களில் ஒன்றும் எனக்குத் தெரியாது. நானும் சிரித்து வைப்பேன். குறை சொல்லவில்லை, டாக்டர். வேலைக்குப் போகிறவள் போகத்தானே வேண்டும்.

நின்று நின்றே அவள் வலது முழங்கால் தேய்ந்துபோனது. வனஜா பூனாவிலிருந்து வந்து ஏற்பாடு செய்து ஆபரேஷனை முடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். வேறு ஆஸ்பத்திரி அது, நல்ல டாக்டர், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கால் நன்றாக ஆகிவிட்டால் மறுபடி கேண்டீனுக்குப் போவேன் என்பதுதான் பாஞ்சாலியின் ஒரே பேச்சு. வேலைச் சேலைகளை எல்லாம் மடித்துப் பெட்டியின் மேல்தட்டிலேயே வைத்திருந்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி இவ்வளவு இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. கால் வீங்கிக் கனன்றது. எழுந்து உட்காரவும் திரும்பிப் படுக்கவும் நான் வேண்டும். குளியலறைக்கு நான் வேண்டும். நான் தலை வாரிவிட்டேன், வாரிப் பழக்கமில்லாத கை, வகிடு கோணல்மாணலாகத்தான் வந்தது. ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். "யோவ்" என்று எந்நேரமும் கூப்பிடுவாள். அடுப்படியில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் ஓடி வருவேன். உண்மையைச் சொல்கிறேன், சுரங்கத்தை மூடிய பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

பிசியோதெரபி செய்ய மமதா என்ற பெண் வீட்டுக்கு வருவாள். சின்னப் பெண், கன்னடக்காரி, தமிழும் பேசுவாள். முழங்காலை மடக்குவாள், நீட்டுவாள், பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். போகும்போது ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்துவிட்டு, காலை அப்படியே நீட்டி வைத்திருங்கள் என்பாள். குதிகால் மேலே நிற்கும், முழங்கால் அந்தரத்தில் தொங்கும். அந்தக் கனம்தான் அதைக் கீழே அழுத்தி நேராக்கும் என்று அவள் சொன்னதாக ஞாபகம். நான் பார்த்தது அடியில் இருந்த அந்த இடைவெளியைத்தான். பாஞ்சாலி வலியில் துடிக்கிறாள், அவள் காலுக்கு அடியில் என் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். என் கை தானாகப் போய்த் தலையணையை எடுத்தது. துண்டை உருவிவிட்டு முழங்காலுக்கு அடியில் தலையணையைத் திணித்தேன். கால் கொஞ்சம் மடங்கிச் சுகமாக உட்கார்ந்தது. அவள் அழுகை நின்றது. "அப்பாடா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அது தவறு என்று எனக்கு அப்போது தெரியாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு நாள் மமதா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள், தலையணையைப் பார்த்துவிட்டாள். பாஞ்சாலி தூக்கத்தில் இருந்தாள். அந்தப் பெண் என்னை வாசல் கேட் வரைக்கும் கூப்பிட்டுப் போய்ப் பேசினாள். "மண்டி கெளகே திம்பு இடபேடி அங்கிள்" என்றாள். முழங்காலுக்கு அடியில் தலையணை கூடாது. வைத்தால் இப்போது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய வாக்கிலேயே இறுகிப்போகும், பிறகு நேராக நிற்க முடியாது, வலியும் போகாது என்று பொறுமையாக விளக்கினாள். "ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க அங்கிள், நீங்க சொன்னா கேப்பாங்க. ஒழுங்கா செஞ்சாங்கன்னா யுகாதி முடிஞ்சதும் யாரும் புடிக்காமலே வேன் ஏறிப் போவாங்க, பாருங்க."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிழை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. தெருமுனையில் அந்த ஹாரன் அடிப்பதும், செருப்புச் சத்தம் போய் மறைவதும், மூடி வைத்த சோறும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

உள்ளே போனதும் பாஞ்சாலி கண் விழித்து, "இன்னாய்யா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"தலகாணி வெச்சா நல்லதாம்" என்றேன்.

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு அதை எப்படித் திருப்பிச் சொல்வது என்று தெரியவில்லை. மமதா மறுபடி வந்தால் பேச்சு முரண்படும். அதனால் அவளுக்குப் போன் செய்து, நாங்கள் கே.ஜி.எஃப்பில் இருக்கிற கொழுந்தியாள் வீட்டுக்குப் போகிறோம், இனி வர வேண்டாம் என்றேன். பாஞ்சாலியிடம், அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன். "சொல்லாமலே பூடுச்சே, ஒரு பொடவையாவது எடுத்துக் குடுத்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டாள். அவள் மனசு அப்படிப்பட்டது.

கேண்டீனிலிருந்து போன் வருகிற நாளில் எல்லாம் அவளுக்கு வேகம் வந்துவிடும். வாக்கரைப் பிடித்து எழுவாள். முட்டி நீளாது, ஒரு காலைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள், கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், இடது முழங்காலும் வலிக்கும். நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து, "இன்னிக்குப் போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பேன். படுக்க வைப்பேன். தலையணையை அவளே கேட்பாள், டாக்டர். "யோவ், அத்த கொஞ்சம் வெய்யேன்" என்று கேட்பாள். வலியில் இருக்கிறவள் கேட்டால் எப்படி இல்லை என்பது?

பழைய டாக்டர் பார்த்துவிட்டு, ஏன் இப்படி இறுகிப்போனது என்று வியந்தார். பயிற்சி செய்யவில்லையா என்று அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மயக்க மருந்து கொடுத்துக் காலை நீட்டிவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நிமிர்ந்து நின்றாள். "யோவ், நான் உன்னவிட ஒசரமா கீறேன் பாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு என் கையை விட்டுவிட்டு ஜன்னல் வரைக்கும் தனியாக நடந்து போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தாள். நான் நீட்டிய கையோடு அங்கேயே நின்றிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கண் அயர்ந்தாள். கால் நேராக நீண்டு கிடந்தது. வலி இருந்ததாகத் தெரியவில்லை. அவள் தலையணை கேட்கவில்லை.

நான்தான் வைத்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அதுதான். மற்ற நாட்களைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லலாம், அந்த நாளைப் பற்றிச் சொல்ல முடியாது. தூக்கம் கலையாமல் காலைத் தூக்கி, தலையணையைச் செருகி, அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி அண்டக் கொடுத்தேன். நல்ல வேலை. கையளவு சந்துகூட விடவில்லை.

முட்டி மறுபடி இறுகியது. கேண்டீனில் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள், வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். போனை வைத்துவிட்டுப் பாஞ்சாலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எல்லாருக்கும் சரியாவுது, எனக்கு மட்டும் ஆவல. என் ஒடம்பு அப்பிடி. உன்னயும் சேத்து வதைக்கிறேன்யா. மன்னிச்சிடு" என்றாள். நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். "விடும்மே" என்றேன். அப்போது ஒரு பொய்யும் நான் சொல்லவில்லை.

வேலைச் சேலைகளைத் தானம் கொடுக்கச் சொன்னாள். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

மறுபடி திறந்து சரிசெய்ய வேண்டியிருக்கும், அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சி கொடுக்கிற இடத்தில் வைத்துக்கொள்வோம் என்று வனஜாவிடம் சொன்னீர்கள். அந்த ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அங்கே இருப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கும், ரசத்தில் எவ்வளவு மிளகு போட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? தலையணைதான் கெடுதல் என்றால் இனி வைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். வனஜாவிடமும் வேண்டாம். பாஞ்சாலி தாங்க மாட்டாள். இந்த வலியில் அவள் நம்பிப் பிடித்துக்கொண்டிருப்பது என்னை மட்டும்தான். அதையும் உருவிவிட்டால் அவள் விழுந்துவிடுவாள்.

வெளியே சக்கரச் சத்தம் கேட்கிறது, எக்ஸ்ரே முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரி சக்கர நாற்காலியில் கால் வைக்கிற பலகை கழன்று ஆடுகிறது, வரும்போதே கவனித்தேன். நல்லவேளை, இந்தப் பையைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். நேற்றுத்தான் வெயிலில் காய வைத்தது, உறைகூடப் புதிது.

கதவைத் திறந்துவிடுங்கள், டாக்டர். அவள் கால் தொங்கிக்கொண்டு வரும்.