எழுபத்தெட்டுக்குக் கீழே

இல்லம்மா, செருப்பை இப்பவே கழட்டாத. நமக்கு முன்னாடி பதினோரு பேரு நிக்குறாங்க, தரை வேற ஜில்லுன்னு இருக்கு. எடை மெஷின்கிட்ட போய்க் கழட்டினாப் போதும். மொத நாளா? அட்டையை அந்த இறுக்கு இறுக்கிப் புடிச்சிருக்கியே, அதான் கேட்டேன். நானும் மொத நாள் அப்படித்தான். எடைக்காரம்மா என் கையில இருந்து அட்டையைப் பிடுங்க வேண்டியதாப் போச்சு. அதோ, கண்ணாடி போட்டுக்கிட்டு மேசையில எழுதிக்கிட்டிருக்காங்களே, அவங்கதான். எடையை வெளிய சொல்ல மாட்டாங்க, பயப்படாத. கொறஞ்சிருந்தா மட்டும், இத்தனை கொறஞ்சிருக்குன்னு சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொல்லுவாங்க. இருநூறு கிராமுக்கும் கைதட்டுதான். மொத வாரம் எனக்குச் சிரிப்பு தாங்கல. இப்ப எவளாவது தட்டாம நின்னா நானே திரும்பி முறைக்கிறேன்.

எனக்கு இன்னைக்கு எழுபத்தெட்டு வரணும். எழுபத்தெட்டு, இல்ல அதுக்குக் கீழ. போன வாரம் எழுபத்தெட்டு புள்ளி ஆறு. ஆரம்பிச்சப்ப தொண்ணூத்தி ஒண்ணு. ஆமா, பதிமூணு கிலோ கிட்ட. அழகுக்காகன்னா எண்பதுலயே போதும்டா சாமின்னு வீட்டுக்குப் போயிருப்பேன். இது வேற விஷயம், சொல்றேன். இன்னைக்கு விட்டுட்டா எல்லாம் மறுபடி தள்ளிப்போயிடும். அந்தப் பயத்துலதான் காலையில இருந்து வாய் ஓயல. பஸ்ல கண்டக்டர்கூட, அம்மா நீங்க இறங்க வேண்டிய இடம் வந்துருச்சுன்னு கும்பிட்டாரு.

சாப்பிடுறதுக்கு உனக்கு எத்தனை பாயிண்ட் குடுத்திருக்காங்க? ஒரு நாளைக்கு இருபத்தி மூணா. பரவால்ல, தாராளம். சாப்பிடுறதை எல்லாம் எழுதுறதுக்கு நோட்டு வாங்கிட்டியா? ஞாபகம் வச்சுக்குவியா? சரிதான். நானும் அதைத்தான் சொன்னேன். மூணாவது நாள், மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னு யோசிச்சுப் பாக்குறேன், பெருக்கித் தொடச்ச வீடு மாதிரி மண்டை காலியா இருக்கு. வாய்க்கு மட்டும் ஞாபகம் இருக்கும்மா, மூளைக்கு இருக்காது. அதனால சாப்பிட்டுட்டு எழுதாத, எழுதிட்டுச் சாப்பிடு. எழுதுறப்பவே பாதி ஆசை அடங்கிடும். ஒரு கேக் துண்டுக்குப் பதிமூணு பாயிண்ட்னு உன் கையால எழுதிப் பாரு. எழுதின பேனாவே வேண்டாம்னு சொல்லும்.

கேக்னு சொன்னதும் சிரிக்கிறியா? நான் பேக்கரியில வேலை பாக்குறேன், தெரியுமா. கேக் மேல க்ரீம்ல பேரு எழுதுறது நான்தான். நாளுக்கு முப்பது பேரு, நாப்பது பேரு எழுதணும். எழுத்து கோணிப்போச்சுன்னா விரலால வழிச்சு எடுக்கணும். வழிச்ச விரலை எங்க வைக்கிறது? வாயிலதான். பதினாறு வருஷமா அப்படித்தான். உடைஞ்ச பிஸ்கட்டும் அப்படி. முழுசா இருந்தாத்தான் கணக்கு, உடைஞ்சது காத்துன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எடைக்காரம்மா கேட்டாங்க, வேலை செய்யுறப்ப ருசி பாப்பீங்களான்னு. சும்மா விரல்தாங்கன்னேன். ஒரு நாள் முழுக்க அந்த விரல் எத்தனை தடவை வாய்க்குப் போகுதுன்னு கோடு போட்டுட்டு வாங்கன்னாங்க. போட்டேன். ஐம்பத்தி ரெண்டு கோடு. பதினெட்டு பாயிண்ட். மத்தவங்க பொறந்தநாளை எல்லாம் நான் ஒருத்தியே கொண்டாடியிருக்கேன். இப்ப இடுப்புல ஒரு ஈரத்துணி கட்டிக்கிட்டிருக்கேன், விரல் நேரா அதுக்குத்தான் போகும்.

அதனால நீயும் நின்னுக்கிட்டு சாப்பிடுறதை எண்ணு. பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்சது, அடுப்புல கொதிக்கிறப்ப உள்ளங்கையில ஊத்தி உறிஞ்சுறது, கடைக்காரர் சும்மா குடுக்குறது, எல்லாமே கணக்குதான். அப்புறம் எண்ணெய். கண் அளவுல ஊத்தாத, நம்ம கண்ணுக்கு ரொம்பத் தாராள மனசு. ஸ்பூன் வச்சு அள. டீக்குச் சர்க்கரையும் அப்படித்தான். குடிக்கிறதுக்குப் பாயிண்ட் கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாத.

சைபர் பாயிண்ட் பட்டியல் பாத்துட்டியா? முட்டை, பழம், காய், பருப்பு. பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சுல்ல? இரு இரு. சைபர்னா அளவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. நான் ரெண்டாவது வாரம் ஒரே நாள்ல ஒம்பது வாழைப்பழம் சாப்பிட்டேன். நோட்டுல சைபர், வயித்துல மத்தளம். அக்காகிட்ட போன்ல சொன்னேன். ஒம்பதாடி பீப்பான்னு கேட்டா. அவளுக்கு ஒண்ணுகூடச் சாப்பிட முடியாது, டாக்டர் வாழைப்பழத்தைத் தொடவே கூடாதுன்னுட்டாரு.

ஆமா, பீப்பான்னா நான்தான். எனக்கு ஒம்பது வயசு இருக்குறப்ப அவ வச்ச பேரு. நான் அவளைக் குச்சின்னு கூப்பிடுவேன். இப்ப எனக்கு நாப்பத்தி நாலு, அவளுக்கு நாப்பத்தி ஒம்பது, இன்னும் அதே பேருதான். அவளும் எண்ணுறா. பாயிண்ட் இல்ல, தண்ணி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சுக்கிட்டு, மூடி மூடியா குடிப்பா. டீ குடிச்சா அதையும் அதுல கழிக்கணும். சாயங்காலம் போன் பண்ணி, உனக்கு எத்தனை மிச்சம்னு அவ கேப்பா. நாலு பாயிண்ட்னு நான் சொல்லுவேன். எனக்கு மூணு மூடின்னு அவ சொல்லுவா. என்ன பிளானா? அது வேற பிளான்மா, அதுல நீ சேராத.

நகரு நகரு, வரிசை போகுது.

வீட்டுல யாராவது கூடச் சேர்றாங்களா? வீட்டுக்காரரா. ஐயோ பாவம், நீதான். எங்க வீட்டுக்காரரும் எனக்குத் துணையா இருக்கேன்னு ஆரம்பிச்சாரு. வேன் ஓட்டுறாரு, உக்காந்தே இருக்குற வேலை. டீயில சர்க்கரையை மட்டும் நிறுத்தினாரு. மொத வாரமே ரெண்டு கிலோ போச்சு. நான் ஏழு நாள் கணக்குப் போட்டு, எண்ணெய் அளந்து, அவிச்ச முட்டையைப் பாத்துப் பாத்து அலுத்து, நானூறு கிராம். அவரு வந்து, இது ரொம்ப சுலபமா இருக்கேன்னாரு. அன்னைக்கு அவருக்கு நான் சோறு போடல. ஆம்பளைங்க எடையோட உன் எடையைச் சேத்துப் பாக்காத. தினமும் மெஷின்ல ஏறாத. வாரம் ஒரு தடவை, இதே மெஷின், இதே நேரம், இதே மாதிரி லேசான துணி. இந்தச் சுடிதாரைப் பாத்தியா? பதினெட்டு வாரமா இதேதான். என்கிட்ட வேற துணியே இல்லைன்னு எடைக்காரம்மா நெனச்சிருப்பாங்க.

பட்டினியும் கிடக்காத. ராத்திரி விருந்து இருக்குன்னு காலையில இருந்து பாயிண்டைச் சேத்து வச்சேன்னு வை, விருந்துல நீ சாப்பிட மாட்ட, விருந்து உன்னைச் சாப்பிட்டுரும். அவிச்ச முட்டை ரெண்டு பையில இருக்கட்டும். ஒரு நாள் கணக்கு தாண்டிட்டா, சரி போச்சு, இந்த வாரமே போச்சுன்னு தலை முழுகாத. ஒரு நாள்தான் போச்சு, மிச்சம் ஆறு நாள் அப்படியே இருக்கு.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் நல்லாக் கேட்டுக்க. அட்டைக்குப் பின்னாடி வாரத்துக்கு இருபத்தெட்டு கூடுதல் பாயிண்ட்னு போட்டிருக்கா? திருப்பிப் பாரு. அதை அந்த வாரமே எடுத்தாத்தான் உண்டு. வாரம் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுது. இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல, நானும் கேக்கல. பதினோரு வாரம் ஒண்ணைக்கூடத் தொடாம, நோட்டுக் கடைசிப் பக்கத்துல சேத்துக்கிட்டே வந்தேன். முன்னூத்தி எட்டு பாயிண்ட். அந்த நேரம் எங்க பேக்கரி அடுப்புக்காரர் மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. மூணு நாள். நான் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டுப் போனேன். பொரிச்ச கோழி, எழுதினேன். ஐஸ்கிரீம், எழுதினேன். மறுபடி ஐஸ்கிரீம், அதையும் எழுதினேன். பக்கத்துல இருந்தவங்க, நான் சமையல்காரரு அனுப்பின ஆளுன்னு நெனச்சு, உப்பு கொஞ்சம் கம்மின்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. மூணு நாள்ல இருநூத்தி தொண்ணூறு. அந்த வாரம் இங்க வந்து மெஷின்ல ஏறினேன். மூணு கிலோ ஏறியிருந்துச்சு. எடைக்காரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க. நான் நோட்டை நீட்டி, கணக்கு சரியா இருக்குங்க, எனக்கு இன்னும் பதினெட்டு மிச்சம் இருக்குன்னு பெருமையாச் சொல்றேன்.

சிரி சிரி. இங்க இருக்குற எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெளிய போய்ப் படிக்கட்டுல உக்காந்து அழுதேன். ஏன்னா அந்த வாரத்துக்குள்ள எழுபத்தெட்டு வரணும்னு எனக்கு ஒரு தேதி இருந்துச்சு. ஒரு கிலோவோ ஒண்ணரையோதான் பாக்கி, எட்டிப் புடிச்சிருக்கலாம். அந்தத் தேதி போயிருச்சு. ஏழு வாரம் தள்ளிப்போச்சு.

அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் போனையே எடுக்கல. அப்புறம் நேராப் போய்ச் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். அவ தலையணையை நிமித்தி வச்சு உக்காந்துக்கிட்டு, என்னென்ன சாப்பிட்ட, ஒண்ணொண்ணாச் சொல்லுன்னா. நோட்டைப் பாத்து வாசிச்சேன். ஐஸ்கிரீம் என்ன ருசின்னு கேட்டா, கோழி மொறுமொறுன்னு இருந்துச்சான்னு கேட்டா. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தா. முடிச்சதும், இவ்வளவு சாப்பிட்டியே, எனக்கு ஒரு வாய் எடுத்துட்டு வரணும்னு தோணுச்சாடி பீப்பான்னா. நான் நோட்டை மூடிட்டேன்.

அடுத்து நான்தான். இந்தா, இந்தப் பையைப் புடி. வளையல், ஹேர்பின், வாட்ச். கம்மல் வேண்டாம், அது ஒண்ணுமில்லாத எடை. சரி, அதையும் புடி. போனும் உங்கிட்டயே இருக்கட்டும். அவ கூப்பிட்டா எடுக்காத, நான் இறங்கினதும் நானே பேசுறேன். எடைக்காரம்மா, இந்தப் பொண்ணு எங்கூடத்தான், எட்டிப் பாக்கட்டும். நான் பாக்க மாட்டேன், கண்ணை மூடிக்கிறேன். நீ பாத்துச் சொல்லும்மா. மூச்சை இழுத்துப் புடிச்சா கொறையாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் புடிச்சுக்குறேன்.

நின்னுருச்சா? ஆடாம நிக்குதா? மெதுவாச் சொல்லு.

எழுபத்தி ஏழு புள்ளி எட்டா? மறுபடி பாரு. எடைக்காரம்மா, நீங்க பாருங்க. சரி. சரிங்க. அட்டையில பெருசா எழுதுங்க, கையெழுத்தும் போடுங்க, டாக்டர் கேப்பாரு.

இரும்மா, இறங்கிக்குறேன். கையைக் குடு. அங்க எல்லாரும் தட்டுறாங்க பாரு, நீயும் தட்டு. பையைக் கீழ வச்சிட்டுத் தட்டு.

அடிக்குதா போன்? குடு. ம், குச்சியா, நான்தான். வந்துருச்சு. எழுபத்தி ஏழு புள்ளி எட்டு. இல்லடி, பொய் சொல்லல, சாட்சி வச்சிருக்கேன். இன்னைக்கே டாக்டர் தேதி குடுத்துருவாரு. இன்னும் எத்தனை மூடி இருக்கு உன்கிட்ட? ஒண்ணுதானா. சரி, அதை மெதுவாக் குடி. எல்லாம் முடிஞ்சப்புறம் நீ குடம் குடமாக் குடி, நான் மோந்து தரேன். அழாத, அழுதா தாகம் எடுக்கும். வைக்குறேன்.

என்ன தேதின்னா கேக்குற? ஓ, நான் சொல்லவே இல்லையா? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, உனக்கும் சொன்ன மாதிரியே நெனச்சிட்டேன். என் கிட்னி ஒண்ணு அவளுக்குப் போகுதும்மா. நான் எழுபத்தெட்டுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டோம்னுட்டாங்க. நான் அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டதுக்கு அவ இன்னும் ஏழு வாரம், வாரத்துக்கு மூணு தடவை, ரத்தத்தைச் சுத்தம் பண்ண கையில ஊசி குத்திக்கிட்டு நாலு நாலு மணி நேரம் படுத்துக் கிடந்தா. இருபத்தோரு தடவை. அதை நோட்டுக் கடைசிப் பக்கத்துல, அந்த முன்னூத்தி எட்டுக்குக் கீழயே எழுதி வச்சிருக்கேன்.

ஐயே, நீ எதுக்கு அழுவுற? மொத நாள் எடை பாக்க வந்துட்டு. கண்ணைத் தொடச்சுக்க. போ, உன்னைக் கூப்பிடுறாங்க, இப்ப செருப்பைக் கழட்டு. அப்புறம் ஒண்ணு. கிட்னி எத்தனை எடை இருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டேன், கிட்டத்தட்ட நூத்தைம்பது கிராமாம். எல்லாம் ஆறினப்புறம் நான் மறுபடி இங்க வருவேன். நூத்தைம்பது கொறஞ்சிருக்குன்னு எடைக்காரம்மா கைதட்டச் சொல்லுவாங்க. நீ மட்டும் தட்டாத, அது எங்க அக்காகிட்ட பத்திரமா இருக்கு.